லத்தீன் பாடல் வரிக்கு ஓவியம் தேடுகிறீர்களா? கோயில் பங்குக் கையேடு போடுவோருக்கு ஒரு வழிகாட்டி

இந்த ஆண்டு ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்துக்காக, சிங்கப்பூரில் எங்கள் கத்தோலிக்கக் கோயில் பங்கின் தமிழ்க் குழுவுக்கு ஒரு சிறு கையேடு போட்டேன். சிலுவையடியில் நின்ற வியாகுல அன்னையைப் பற்றிய ‘ஸ்தாபாத் மாத்தேர்’ என்ற லத்தீன் பாடலின் இருபது கண்ணிகள், பொருத்தமான ஓவியங்கள், கூடவே தமிழ்ப் பொருள். மூன்று வாரத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். நான்கு மாதம் இழுத்தது, நடுவில் நாற்பது பிரதிகளைப் பழைய காகிதக்காரரிடம் போட வேண்டியும் வந்தது. அடுத்த தவக்காலத்துக்கோ நவம்பர் ஆன்மாக்கள் மாதத்துக்கோ நீங்களும் இப்படி ஒன்று செய்ய நினைத்தால், இதைப் படித்துவிட்டுத் தொடங்குங்கள்.

1. எப்போது, எந்த வழிபாட்டில் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

நான் செய்த முதல் தப்பு இதுதான். இயேசுவின் பாடுகளை நிலை நிலையாகத் தியானிக்கும் சிலுவைப்பாதையில் நிலைக்கு நிலை இந்தப் பாடலைப் பாடிக்கொண்டே போகும் வழக்கம் இருப்பதால், ஒரு நிலை, ஒரு கண்ணி, ஒரு படம் என்று கணக்குப் போட்டேன். நிலைகள் பதினான்கு, கண்ணிகள் இருபது. கடைசி ஆறு கண்ணிகள் அந்தரத்தில் நிற்கும். அதைவிடப் பெரிய சிக்கல், பாடல் முதல் வரியிலேயே சிலுவையடிக்கு வந்துவிடுகிறது. முதல் நிலையிலோ பிலாத்து இப்போதுதான் தீர்ப்புச் சொல்கிறார். படம் எதற்குப் பொருந்த வேண்டும், நிலைக்கா கண்ணிக்கா? இரண்டுக்கும் பொருந்துகிற படம் கிடைக்காது. நான் சிலுவைப்பாதையை விட்டுவிட்டு, வெள்ளிக்கிழமை மாலைகளில் தனியாக வாசித்துத் தியானிக்கும் கையேடாக மாற்றினேன். சிக்கல் அங்கேயே தீர்ந்தது.

தேதியையும் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரில் தவக்காலமும் சீனப் புத்தாண்டும் பெரும்பாலும் அடுத்தடுத்து வரும். 2026இல் புத்தாண்டு பிப்ரவரி 17, மறுநாள் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன். 2027இல் புத்தாண்டு பிப்ரவரி 6, சாம்பல் புதன் பிப்ரவரி 10. புத்தாண்டுக்கு இரண்டு வாரம் முன்னாலிருந்தே அச்சுக்கடைகளில் கூட்டம் நெரியும், அப்புறம் சில நாள் பூட்டிக்கிடக்கும். ஜனவரி நடுவுக்குள் அச்சடித்த பிரதி கையில் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டு பின்னோக்கிக் கணக்கிடுங்கள். அக்டோபரில் தொடங்கினால் சரியாக வரும்.

2. லத்தீன் பாடத்தில் ஒரே பதிப்பைப் பிடித்துக்கொள்ளுங்கள்

இணையத்தில் கிடைத்த முதல் பாடத்தை எடுத்து ஒட்டிவிடாதீர்கள். ஸ்தாபாத் மாத்தேருக்குள் இரண்டு மரபுகள் கலந்து கிடக்கின்றன. திருப்பலி (பூசை) நூலில் உள்ள பதினெட்டாம் கண்ணி ‘ஃப்ளம்மீஸ் நே ஊரார் சுச்சென்சுஸ்’ என்று தொடங்கும். இசையமைப்பாளர்கள் பெரிதும் எடுத்தாண்ட பாடத்தில் அதே இடத்தில் ‘இன்ஃப்ளம்மாத்துஸ் எத் ஆச்சென்சுஸ்’ இருக்கும். பத்தொன்பதாம் கண்ணி முழுவதுமே வேறு. ஒன்றில் ‘க்றிஸ்தே’ என்று கிறிஸ்துவை அழைத்து, அன்னை வழியாக வெற்றி வாகை கேட்கிறோம். மற்றதில் சிலுவை என்னைக் காக்கட்டும் என்று வேண்டுகிறோம். எங்கள் பாடகர் குழு ஒன்றைப் பாட, கையேட்டில் மற்றது இருந்தது. அந்த நாற்பது பிரதிகள் வீணானதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

மற்ற பாடல்களிலும் இதே கதைதான். 1632இல் எட்டாம் உர்பன் பாப்பிறை காலத்தில் பழைய பாடல்களின் சொற்களைத் திருத்தினார்கள். அதனால் ‘வேனி க்ரேயாத்தோர்’, ‘வெக்ஸில்லா ரேஜிஸ்’ போன்றவற்றில் திருத்தியது ஒன்று, பழையது ஒன்று என இரண்டு உருவங்கள் புழக்கத்தில் இருக்கின்றன. எதையும் தட்டச்சு செய்யும் முன் பாடகர் குழுத் தலைவரிடம் அவர்கள் கையில் இருக்கும் தாளை வாங்கிப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

3. உணர்ச்சியைப் பார்க்காதீர்கள், வினைச்சொல்லைப் பாருங்கள்

இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இந்தப் பகுதிக்காகத்தான்.

முதலில் நான் எப்படித் தேர்ந்தெடுத்தேன் தெரியுமா? பாடல் சோகம், ஆகவே சோகமான படம். முதல் கண்ணிக்கு ரோகியர் வான் டெர் வெய்டன் வரைந்த ‘சிலுவையிலிருந்து இறக்குதல்’. மாட்ரிட்டின் பிராடோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது, உலகமே கொண்டாடும் ஓவியம். ஒத்திகையில் அதைத் திரையில் போட்டோம். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி பொருளை வாசித்துவிட்டுக் கேட்டார்: “மாதா நிக்கிறாங்கன்னு பாடுறோம். படத்துல மயங்கி விழுந்து கெடக்குறாங்களே தம்பி?”

எனக்குச் சுருக்கென்றது. ‘ஸ்தாபாத்’ என்றால் நின்றுகொண்டிருந்தாள். பாடலின் முதல் சொல்லே அதுதான். யோவான் நற்செய்தியும் சிலுவை அருகில் நின்றார்கள் என்றுதான் சொல்கிறது. நான் வைத்த படத்தில் அன்னை தரையில் சரிந்து கிடக்கிறார். ஓவியம் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தால் என்ன, இந்த வரிக்கு அது பொய்.

அன்றிரவே எல்லாவற்றையும் கலைத்துவிட்டு மறுபடி தொடங்கினேன். முறை எளிது. ஒவ்வொரு கண்ணியிலும் வினைச்சொல்லுக்குக் கீழே கோடு போடுங்கள். நின்றாள், கண்டாள், ஊடுருவியது, சுமக்கச் செய், அழச் செய். பிறகு அந்த வினை நடக்கிற ஓவியத்தைத் தேடுங்கள். எனக்கு அமைந்த சில ஜோடிகள் இவை.

‘ஸ்தாபாத் மாத்தேர் தோலோரோசா’, துயருற்ற தாய் நின்றாள். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் ஹென்ட்ரிக் டெர் ப்ருக்கன் வரைந்த சிலுவைக் காட்சி ஒன்று இருக்கிறது. தாழ்ந்த அடிவானம், இருண்ட வானம், கைகளைக் கோத்து நிமிர்ந்து நிற்கும் அன்னை. அழகி அல்ல, அழுது ஓய்ந்த முகம். இன்னும் அமைதியானது வேண்டுமென்றால் வாஷிங்டன் தேசிய ஓவியக்கூடத்திலுள்ள பெருஜினோவின் மூன்று பலகை ஓவியத்தைப் பாருங்கள். அதிலும் அன்னை நிற்கிறார்.

இரண்டாம் கண்ணியில் வாள் ஊடுருவுகிறது: ‘பெர்த்ரான்சீவித் க்ளாதியுஸ்’. உடனே எல்லாருக்கும் நினைவுக்கு வருவது நெஞ்சில் ஏழு வாள் பாய்ந்த வியாகுல மாதா சுரூபம். ஆனால் பாடலில் வாள் ஒன்றுதான், லூக்கா நற்செய்தியில் முதியவர் சிமியோன் மரியாவிடம் முன்னறிவித்த அந்த ஒரு வாள். அதனால் கோயிலில் குழந்தையை ஏந்தியிருக்கும் சிமியோனின் படத்தை வைத்தேன். ஹேக் நகரின் மௌரிட்ஸ்ஹௌஸில் இருக்கும் ரெம்பிராண்ட் ஓவியம், 1631. சிலுவையே இல்லாத படம் எதற்கு என்று கேட்டவர்களும் உண்டு. கீழே லூக்கா 2:35 என்று மட்டும் போட்டேன். புரிந்துகொண்டார்கள்.

ஏழாம் கண்ணியில் ‘வீதித்’, கண்டாள். சாட்டையடியை மட்டும் காட்டும் படம் போதாது, பார்க்கும் ஓர் ஆள் வேண்டும். லண்டன் தேசிய ஓவியக்கூடத்திலுள்ள வெலாஸ்கெஸ் ஓவியத்தில் சாட்டையடி முடிந்து தரையில் கிடக்கும் இயேசுவை ஒரு குழந்தை பார்த்துக்கொண்டிருக்கிறது. அந்தக் குழந்தை நம்முடைய ஆன்மா. பார்ப்பது அன்னை அல்ல என்பது குறைதான். அந்தக் குறையோடுதான் வைத்தேன்.

அடுத்து, எல்லாரும் விழும் பள்ளம்: மிக்கேலாஞ்சலோவின் பியத்தா சிற்பம். மடியில் மகனின் உடல். இந்தப் பாடலுக்கு அட்டைப்படமாக அதைப் போடாதவர்களே குறைவு. இருபது கண்ணிகளையும் உட்கார்ந்து வாசித்துப் பாருங்கள், உடலை இறக்கியதாகவோ மடியில் கிடத்தியதாகவோ ஒரு சொல் கிடையாது. பாடல் சிலுவையடியை விட்டு நகர்வதே இல்லை. பியத்தாவை எடுத்துவிடலாம் என்றே இருந்தேன். அப்புறம் பதினாறாம் கண்ணி கண்ணில் பட்டது. ‘ஃபாக் உத் போர்த்தெம் க்றிஸ்தி மோர்த்தெம்’, கிறிஸ்துவின் சாவை நான் சுமக்கச் செய். சுமப்பது! மடியில் சுமக்கும் தாயைப் பார்த்து, நானும் சுமக்க வேண்டும் என்று கேட்கிற வரி. பியத்தா அங்கே போய் உட்கார்ந்தது, வேறெங்கும் அது உட்காராது.

வேறு பாடல் எடுப்பவர்களுக்கும் இரண்டு சொல்கிறேன். ‘வெக்ஸில்லா ரேஜிஸ்’ பாடலில் கடவுள் மரத்திலிருந்து ஆண்டார் என்று வருகிறது. தலை தொங்கிய, குருதி வழியும் படம் அதற்கு ஆகாது. இத்தாலியின் லூக்கா நகர்ப் பேராலயத்தில் ‘வோல்த்தோ சாந்தோ’ என்ற மரச் சிலுவை உண்டு. கண் திறந்து, நீண்ட அங்கி அணிந்து, அரசரைப் போல நிற்கும் இயேசு. அதே பாடல் அடுத்துச் சிலுவையை ‘அழகிய ஒளிரும் மரமே’ என்று அழைக்கும்போது, ரோமில் சான் க்ளெமென்தே ஆலய மொசைக்குக்குப் போங்கள். சிலுவையின் அடியிலிருந்து கொடிகள் கிளம்பி வளைவு முழுக்கப் படர்ந்திருக்கும்.

‘ஆதோரோ தே’ பாடலில், உயிர்த்த இயேசுவின் காயங்களைக் கண்டால்தான் நம்புவேன் என்ற சீடர் தோமா வருகிறார். பரங்கிமலையும் சாந்தோமும் தெரிந்த நமக்குத் தோமா சொந்தக்காரர் மாதிரி, விட மனம் வராது. உடனே கரவாஜியோ வரைந்த, காயத்துக்குள் விரல் விடும் தோமா நினைவுக்கு வரும். ஆனால் வரி சொல்வது என்ன? தோமாவைப் போல நான் காயங்களைக் காணவில்லை, ஆனாலும் உம்மை என் கடவுள் என்கிறேன். வினை எதிர்மறை. நாம் செய்யாத ஒன்றைப் படம் காட்டுகிறது. இப்படி முரணாகவும் வைக்கலாம், தப்பில்லை. கீழே ஒரு வரி விளக்கம் கட்டாயம் வேண்டும், இல்லாவிட்டால் வாசகர் தலைகீழாகப் புரிந்துகொள்வார். அதே பாடலில் ‘பியே பெல்லிகானே’ என்று இயேசுவைப் பறவையாக அழைக்கும் இடமும் உண்டு. “அண்ணே, இது நம்மூர் கூழைக்கடாதானே?” என்று திருநெல்வேலிப் பக்கத்துத் தம்பி ஒருவன் கேட்டான். அதேதான். தன் நெஞ்சைக் கொத்திக் குருதியால் குஞ்சுகளை ஊட்டும் என்பது பழைய நம்பிக்கை. ஃபிளாரன்ஸ் சான் மார்க்கோ மடத்தில் ஃப்ரா ஆஞ்சலிகோவின் பெரிய சிலுவைச் சுவரோவியத்தின் மேல்விளிம்பில் அந்தப் பறவையைக் காணலாம்.

எல்லாக் கண்ணிக்கும் படம் தேடாதீர்கள். நான் இருபதில் தொடங்கி ஒன்பதில் நிறுத்தினேன். மீதி எல்லாம் வேண்டுதல் கண்ணிகள். வெறும் எழுத்தாக இருந்தாலே நன்றாக இருக்கின்றன.

4. படத்தின் உரிமையைச் சரிபாருங்கள்

சிங்கப்பூரின் 2021 பதிப்புரிமைச் சட்டப்படி ஓவியத்துக்கான உரிமை ஓவியர் இறந்து 70 ஆண்டுகள் வரை. நாம் எடுக்கும் ஓவியங்களுக்கு அது எப்போதோ முடிந்துவிட்டது. ஆனால் ஓவியர் போய் நானூறு ஆண்டு ஆனாலும், அதைப் புகைப்படம் எடுத்தவர் உயிரோடு இருப்பார். தலைவலியே வேண்டாம் என்றால், சிசி ஸீரோ (உரிமை கோரவில்லை, யாரும் பயன்படுத்தலாம்) என்ற குறிப்போடு படங்களைத் திறந்து வைத்திருக்கும் அருங்காட்சியகங்களிலிருந்து மட்டும் எடுங்கள். நியூயார்க் மெட்ரோபாலிட்டன், வாஷிங்டன் தேசிய ஓவியக்கூடம், சிகாகோ கலை நிறுவனம், க்ளீவ்லாண்ட் கலை அருங்காட்சியகம் ஆகியவை அப்படித் தருகின்றன. கட்டணம் கிடையாது, பெரிய கோப்பாகவும் கிடைக்கும்.

வேறு சில இடங்கள் வணிகமல்லாத பயன்பாட்டுக்கு மட்டும் என்று நிபந்தனை வைக்கும். கையேட்டை இரண்டு வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) கோயில் வாசலில் விற்றாலும் அது விற்பனைதான், கவனம். ஒவ்வொரு படத்துக்கும் ஓவியர், இருக்குமிடம், உரிமக் குறிப்பு, இறக்கிய தேதி நான்கையும் ஓர் அட்டவணையில் எழுதிக்கொண்டே வாருங்கள். கடைசியில் எழுதலாம் என்று விட்டால் இரண்டு இரவு போகும். எனக்குப் போனது.

உள்ளூர்க் கோயிலின் கண்ணாடி ஓவியத்தையோ சுரூபத்தையோ நீங்களே படமெடுத்துப் போடுவதும் நல்ல யோசனை. பங்குத்தந்தையிடம் எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள். வாட்ஸ்அப் செய்தியாக இருந்தாலும் போதும், வாய்ச்சொல் வேண்டாம்.

தமிழ் மொழிபெயர்ப்புக்கும் உரிமை உண்டு என்பதை மறந்துவிடுகிறோம். பழைய செபப்புத்தகத்திலிருந்து அப்படியே எடுக்காதீர்கள், விவிலியப் பொது மொழிபெயர்ப்புக்கும் உரிமையாளர் இருக்கிறார்கள். நான் பாடலின் பொருளை என் சொற்களில் எழுதி, லத்தீன் தெரிந்த ஒரு குருவிடம் காட்டித் திருத்தினேன்.

5. நேரில் போய் ஒரு நாள் பாருங்கள்

எம்பிரஸ் பிளேஸில் உள்ள ஆசிய நாகரிக அருங்காட்சியகத்தில் ஆசியக் கிறிஸ்தவக் கலைக்கென்று தனிக்கூடம் இருக்கிறது. குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் நிரந்தரக் காட்சிக்கூடங்கள் இலவசம். ஐரோப்பிய ஓவியத்தையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு, நம் பக்கத்துக் கைவினைஞர்கள் தந்தத்தில் செதுக்கிய மாதாவும் குழந்தையும் வேறொரு வழியைக் காட்டும். குழுவில் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போங்கள். படத்தைப் பற்றிப் பேசக் கற்றுக்கொள்ள அதைவிட மலிவான வகுப்பு இல்லை.

6. லத்தீனைத் தமிழ் எழுத்தில் எழுதும்போது

எங்கள் ஞாயிறு தமிழ்த் திருப்பலிக்கு வருபவர்களில் வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்த தம்பிகள் பலர். இங்கேயே பிறந்த பிள்ளைகளுக்கோ தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க முடியும். லத்தீனை ரோமன் எழுத்தில் ஒரு வரி, தமிழ் எழுத்தில் ஒரு வரி என இரண்டும் கொடுத்தேன். எழுத்து அளவு 14க்குக் கீழே போகாதீர்கள்.

திருச்சபை லத்தீன் உச்சரிப்புக்கு மூன்று விதிகள் போதும். ‘ஏ’, ‘இ’ ஒலிக்கு முன் வரும் ‘சி’ எழுத்து ‘ச்ச’ ஆகும்: க்ரூச்செம். ரோமன் எழுத்துகள் ‘ஏ’யும் ‘ஈ’யும் (ae) ஒட்டி எழுதினால் வெறும் ‘ஏ’ ஒலி. ‘ஜி’, ‘என்’ சேர்ந்து வந்தால் நம்முடைய ஞகரம்: ‘ரெஞாவித்’, ‘ஆஞூஸ்’. வெள்ளைக்காரர்கள் திணறும் அந்த ஒலி நமக்கு ‘ஞாயிறு’ என்று சொன்னாலே வந்துவிடுகிறது, ஒத்திகையில் அதைச் சொன்னபோது எல்லாருக்கும் உற்சாகம். த, ப, க எங்கே மெலிந்து ஒலிக்கும் என்பதைத் தமிழ் எழுத்து காட்டாது. அதைப் பாடகர் குழு ஒரு முறை பாடிக்காட்டட்டும்.

7. மறைமாவட்ட அனுமதி

நண்பர்களுக்கு நாலு நகல் என்றால் பரவாயில்லை. செபக் கையேடாக அச்சிட்டு விநியோகிக்கிறீர்கள் என்றால் திருச்சபைச் சட்டம் 826இன்படி ஆயர் (பிஷப்) தரப்பு அனுமதி வேண்டும். நேரடியாகப் போய் நிற்காதீர்கள், பங்குத்தந்தை மூலம் அனுப்புங்கள். கொடுக்க வேண்டியவை: முழு வரைவின் பிடிஎஃப், லத்தீன் பாடம் எந்தப் பதிப்பு என்ற குறிப்பு, தமிழ்ப் பொருளின் ஆங்கில மொழிபெயர்ப்பு (சரிபார்ப்பவருக்குத் தமிழ் தெரிந்திருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது), படங்களின் உரிம அட்டவணை. நான் இதற்கு இரண்டு மாதம் ஒதுக்கச் சொல்வேன். நடுவில் கிறிஸ்துமஸ் வருகிறது, அப்போது எந்தக் குருவுக்கும் மூச்சுவிட நேரமிருக்காது. அனுமதி வந்தபின் ஒரு சொல்லைக்கூட மாற்றாதீர்கள், எழுத்துப்பிழையைத் தவிர.

8. அச்சு

பென்கூலன் ஸ்திரீட்டில் சன்ஷைன் பிளாசாவிலும் பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸிலும் சிறு அச்சுக்கடைகள் நிறைய. குறைந்தது மூன்று இடத்தில் விலை கேளுங்கள். ‘ஏ5 அளவு, 24 பக்கம், முழு வண்ணம், நடுவில் பின்’ என்று கேட்டால் புரியும். பக்க எண்ணிக்கை நான்கால் வகுபட வேண்டும். படம் முழுப்பக்கம் என்றால் குறைந்தது 1748க்கு 2480 புள்ளிகள் தேவை, ஓரத்தில் 3 மில்லிமீட்டர் கூடுதலாக விடுங்கள்.

இப்போது அந்த நாற்பது பிரதிகளின் மீதிப் பாதிக் கதை. நான் கொடுத்த கோப்பை ஒரு கடையில் தங்கள் மென்பொருளில் திறந்து ஓரத்தைச் சரிசெய்திருக்கிறார்கள். கொம்பும் காலும் இடம் மாறி, ‘தோலோரோசா’ வாசிக்கவே முடியாமல் போனது. அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை, தமிழ் தெரியாதவருக்கு எல்லாக் கிறுக்கலும் ஒன்றுதான். ஆகவே யூனிகோட் எழுத்துருவில் செய்து, எழுத்துருவை உள்ளே பொதித்த பிடிஎஃப் மட்டும் கொடுங்கள். “கோப்பைத் திறந்து எதையும் மாற்றாதீர்கள்” என்று எழுதியே கொடுங்கள். ஒரு மாதிரிப் பிரதி அடித்து, தமிழ் வாசிக்கும் வேறொருவரிடம் காட்டிய பிறகே மீதிக்குச் சரி சொல்லுங்கள்.

மாதிரிப் பிரதி இன்னொன்றுக்கும் உதவும். திரையில் பளிச்சென்று தெரியும் மாதாவின் நீல மேலாடை அச்சில் மங்கி ஊதாப் பக்கம் சாயும். டெர் ப்ருக்கன் மாதிரி இருண்ட ஓவியங்கள் சாதாரணக் காகிதத்தில் கறுப்புக் கட்டியாகிவிடும். பூச்சுள்ள காகிதம் கேளுங்கள், படத்தை முன்கூட்டியே கொஞ்சம் வெளுக்கச் செய்யுங்கள்.

9. செலவும் கடைசி வேலையும்

எனக்கு ஆனது: 120 பிரதிகள், ஒன்று 3.60 வெள்ளி, ஆக 432. கடையில் சொல்லும் விலையில் ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். எனக்கு 9 விழுக்காடு சேர்த்து 470.88 ஆனது. இரண்டு மாதிரிப் பிரதிகளுக்கு 24. வீணான நாற்பதுக்கு 150 வெள்ளிக்கு மேல் போனது, அதை நீங்கள் மிச்சம் பிடிக்கலாம். படங்களுக்குச் செலவே இல்லை. அச்சுக்குப் போகும் முன்பே பங்கின் நிதிக்குழுவிடம் விலைப்பட்டியலைக் கொடுத்து ஒப்புதல் வாங்குங்கள். ரசீதுக்குப் பின்னால் அலைவது அச்சடிப்பதைவிடக் கடினம்.

பொதுவில் விநியோகிக்கும் வெளியீடு என்பதால், வெளியான நான்கு வாரத்துக்குள் தேசிய நூலக வாரியத்துக்கு இரண்டு பிரதிகள் சட்டப்படி ஒப்படைக்க வேண்டும். கணக்குப் பார்க்கும்போதே அந்த இரண்டையும் சேர்த்து அடியுங்கள். எங்களுடையதில் எல்லாம் விநியோகமாகிவிட்டது என்று பூரித்திருந்தபோதுதான் இது நினைவுக்கு வந்தது. அந்தப் பாட்டியிடமிருந்தும் ஒரு தம்பியிடமிருந்தும் திரும்ப வாங்கித்தான் கொடுத்தேன். பாட்டி தன் பிரதியில் முதல் கண்ணிக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு சரிக்குறி போட்டு வைத்திருந்தார். அழிக்காமல் அப்படியே கொடுத்துவிட்டேன்.